அக்ரிப்பினா கொடுத்த கிழங்கு

அந்த வீட்டில் சொராய்தாவுக்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை. விறகை எடுத்தால் எல்மரின் தங்கை நில்டா சிரித்துக்கொண்டே கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். தண்ணீர் வாளியைத் தொட்டால் அவன் அம்மா பாஸ்குவாலா எங்கிருந்தாவது வந்து, "உக்காரு மகளே, கை விறைச்சுப்போகும்" என்பாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஆட்டுத்தோல் விரித்த இடம் அவளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. சூப்பில் இறைச்சித்துண்டு கிடந்தால் அது அவள் கிண்ணத்துக்குத்தான் வரும். அதை மென்றபடி, மற்றவர்கள் தங்கள் மலைமொழியான கெச்சுவாவில் பேசிச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டால் பேச்சு உடனே ஸ்பானிஷுக்கு மாறும். மாறியதும் பேசுவதற்கு யாருக்கும் ஒன்றும் இருக்காது.

பாஸ்குவாலா அவளை மகளே என்று கூப்பிட்டது முதல் நாள் இனித்தது. பிறகு பார்த்தால், சுகாதார நிலையத்துக்கு வரும் நர்ஸையும் அவள் மகளே என்றுதான் கூப்பிட்டாள். சந்தையில் உப்பு விற்பவளையும் அப்படித்தான்.

எல்மர் அவளை மழை ஓய்ந்த பருவத்தில் கூட்டிவந்தான். சிம்போத்தே துறைமுகத்தில் அவள் மீனை டப்பாக்களில் அடுக்கும் வேலையில் இருந்தாள்; அவன் லாரியில் பெட்டி ஏற்றுபவன். எங்கள் மலையில் கல்யாணம் கடைசியில்தான், என்று அவன் சொல்லியிருந்தான். முதலில் பெண் வந்து பையன் வீட்டில் இருப்பாள். ஒரு அறுவடை முழுக்க அவர்களோடு வேலை செய்வாள். அம்மாவுக்குப் பிடித்துவிட்டால் அதற்குப் பிறகு பாதிரியார், விருந்து, பாட்டு எல்லாம். அவளுக்கு அது பிடித்திருந்தது. தன் கை எவ்வளவு வேகமானது என்று அவளுக்குத் தெரியும். கையால் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தாள்.

சில நாள் கூட இருந்துவிட்டு அவன் காட்டுப்பக்கம் தங்கச் சுரங்கத்துக்கு இறங்கிப் போனான். உருளைக்கிழங்கு தோண்டும்போது வந்துவிடுவேன் என்றான். போன் சிக்னல் கல்லறைத் தோட்டத்துக்கு மேலே இருக்கும் மேட்டில் மட்டும்தான் கிடைக்கும். மூச்சு வாங்க ஏறிப்போய் அவன் அனுப்பியதைப் படிப்பாள். முதலில் நீளமாக எழுதினான். அப்புறம் வேலை ஜாஸ்தி என்றான். அப்புறம் ஒரு பூ, ஒரு கட்டைவிரல். மேட்டில் காற்று காதை அறுக்கும். கீழே வீடுகளின் கூரையிலிருந்து புகை ஒழுகும். ஒவ்வொரு புகைக்கும் கீழே யாராவது யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வாள். தன்னை இங்கே யாரும் திட்டவில்லை என்பது அப்போதுதான் மனதில் உறைக்கும். அவள் அம்மா வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி திட்டுவாள். அந்தக் குரலுக்கு இப்போது ஏங்கினாள்.

ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கும் அக்ரிப்பினா ஒருநாள் காலையில் வந்தாள். புருஷன் இல்லாதவள், வாய் ஓயாதவள். நாளை தன் வயலில் கிழங்கு தோண்டுவதாகவும், ஒரு ஆள் வேண்டும் என்றும் கேட்டாள். பாஸ்குவாலாவுக்கு இடுப்புப் பிடித்திருந்தது. நில்டா ஆடுகளோடு போயாக வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொராய்தா எழுந்து நின்றாள். தான் போவதாகச் சொன்னாள். பாஸ்குவாலா அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அக்ரிப்பினாவைக் கூட்டிக்கொண்டு வேலி வரை போய் ஏதோ பேசிவிட்டு வந்தாள். வந்து, தன்னுடைய கைக்கொத்தையே எடுத்துக் கொடுத்தாள். கைப்பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது. அன்று முழுவதும் சொராய்தா அதைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

வயலில் அவள் முதலில் கொத்திய இடத்தில் கிழங்கு இரண்டாகப் பிளந்தது. அடுத்ததும் பிளந்தது. பெண்கள் சிரித்தார்கள். மீனைக் குத்துகிற மாதிரி குத்துகிறாள் என்றாள் ஒருத்தி.

"மெதுவாக் கொத்து கடற்கரைக்காரி," என்றாள் அக்ரிப்பினா. "கிழங்கு எங்கயும் ஓடிடாது. ஆம்பளைங்கதான் ஓடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் ஒரே சமயத்தில் நின்றது. சொராய்தா மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ களைப்புக்கு மெல்லும் கோக்கா இலைப் பையை அவளிடம் நீட்டினார்கள். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் கை பழகிவிட்டது. மண்ணில் எந்த இடத்தில் கொத்து இறங்க வேண்டும் என்று விரலுக்கே தெரிந்தது. மண்கட்டிகளை அடுக்கி, உள்ளே நெருப்புப் போட்டு, கிழங்குகளைத் திணித்து, மேலே இடித்துச் சரித்து மூடினார்கள். தோண்டி எடுத்தபோது தோல் கருகி மாவு வெடித்திருந்தது. பாலாடைக்கட்டியும் காரச் சட்டினியும் வைத்து வட்டமாக உட்கார்ந்து தின்றார்கள். அவளுக்கென்று தனி இடம் யாரும் விரிக்கவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்தாள். மலைக்கு வந்தபிறகு வயிறு நிறைந்தது அன்றுதான் என்று தோன்றியது.

சாயங்காலம் மற்றவர்கள் வெறுங்கையோடு பேசிக்கொண்டே கிளம்பினார்கள். அக்ரிப்பினா அவளை மட்டும் நிறுத்தினாள். அவள் போர்வையை விரிக்கச் சொல்லி, ஒரு கூடை கிழங்கைக் கொட்டி, மேலே இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டாள். சொராய்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தனக்கு மட்டும் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தாள். முதுகில் சுமந்துகொண்டு ஓடையைத் தாண்டி வரும்போது கால் வலிக்கவேயில்லை. அந்த வீட்டுக்குள் முதல்முறையாகத் தான் ஒன்றைக் கொண்டுவருகிறோம் என்ற நினைப்பு முன்னால் இழுத்துக்கொண்டு போனது.

அடுப்படியில் முடிச்சை அவிழ்த்தாள். கிழங்குகள் தரையில் உருண்டன. பாஸ்குவாலா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நில்டாதான் எழுந்து வந்தாள்.

"கூலி வாங்கிட்டு வந்தியா?"

சொராய்தாவுக்குப் புரியவில்லை. அன்பாகக் கொடுத்தது என்றாள்.

"அன்பா? ஒரு நாள் போனா ஒரு நாள் திரும்பி வரணும். அதுக்குப் பேருதான் அய்னி. நம்ம வயலுக்கு அவ வீட்டு ஆளு வரணும். நீ கிழங்கை வாங்கிட்டேன்னா அதோட தீந்துபோச்சு. அறுவடையில இப்ப ஒரு கை குறையும். இதுகூடத் தெரியாம ஒரு மகாராணி."

சொராய்தாவின் முகம் சூடேறியது. ஆனால் உள்ளே எங்கோ ஒரு மூலையில், வலியோடு சேர்ந்து ஒரு சந்தோஷமும் இருந்தது. இந்த வீட்டில் ஒருத்தி தன்னைத் திட்டிவிட்டாள். தன்னால் ஒரு கை குறைகிறது என்றால், தன்னையும் ஒரு கையாக எண்ணியிருக்கிறார்கள் அல்லவா?

"விடு," என்றாள் பாஸ்குவாலா, திரும்பாமலேயே. "வந்தவளுக்கு என்ன தெரியும்."

அந்தச் சந்தோஷம் அப்படியே அணைந்துவிட்டது. பாஸ்குவாலா அதே கிழங்குகளை வேகவைத்து, பெரியதாகப் பார்த்துத் தோலுரித்து அவள் கிண்ணத்தில் வைத்தாள். சொராய்தா அதைக் கடைசித் துண்டு வரை தின்றாள்.

மறுநாள் அவள் அக்ரிப்பினாவைத் தேடிப் போனாள். முற்றத்தில் உட்கார்ந்து அக்ரிப்பினா கிழங்குகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். விதைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, இரவு உறைபனியில் போட்டுக் காயவைக்கப் பொடிசுகள். சொராய்தா தயங்கித் தயங்கிக் கேட்டாள். தெரியாமல் வாங்கிவிட்டேன், அந்தக் கிழங்கைத் திருப்பித் தந்துவிடுகிறேன், பதிலுக்கு ஆள் அனுப்புங்கள்.

அக்ரிப்பினா சிரித்தாள். "யாரு வயலுக்கு? சிம்போத்தேயில உனக்கு வயல் இருக்கா? கடல்ல வந்து என்னத்தைத் தோண்டறது?"

"பாஸ்குவாலா அம்மா வயலுக்கு."

அக்ரிப்பினாவின் கை நின்றது. கேலி முகத்திலிருந்து இறங்கிப்போனது.

"உக்காரு தாயி," என்றாள். "நான் உனக்குக் கூலி குடுத்தது ஆள் அனுப்பக் கஞ்சப்பட்டு இல்லை. அவதான் சொன்னா. வேலிகிட்ட நின்னு சொன்னா. அந்தப் பொண்ணுக்கு எதையும் பாக்கி வைக்காதே, கையில குடுத்தனுப்புன்னு."

சொராய்தா கிழங்குக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊதா, மஞ்சள், இரத்தச் சிவப்பு. பாக்கி வைப்பது என்றால் அவள் இங்கே இருப்பாள் என்று பொருள். போகிறவளுக்குத்தான் அன்றைக்கே கொடுத்து அனுப்புவார்கள். ஏன் என்று கேட்க வாயைத் திறந்தாள். அக்ரிப்பினா அவசரமாகக் குனிந்து ஒரு சொத்தைக் கிழங்கைத் தேடத் தொடங்கினாள். அந்த அவசரத்திலேயே பதில் இருந்தது. நேற்று வயலில் பாதியில் நின்ற சிரிப்பு இப்போது தெளிவாகக் கேட்டது.

வீட்டில் அவள் எதையும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தாள். கேட்காதவரை எல்மர் வந்துகொண்டிருக்கிறான். கல்லறை மேட்டுக்கு ஏறிப்போனாள். புதிதாக ஒன்றும் வரவில்லை, பழையவற்றைப் படித்தாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் கிழங்கைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்த இடத்தில் அழுகத் தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவேளை தொடக்கத்திலேயே அப்படித்தானோ என்னவோ. சிம்போத்தேயில் மீன் வாடையோடு அவன் தோளில் சாய்ந்திருந்த நாட்களையும் இப்போது சந்தேகப்பட வேண்டியிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பாஸ்குவாலாவின் வயலில் தோண்டும் நாள் வந்தது. எல்மர் வரவில்லை. யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. அவன் வராதது வானத்தின் நிறத்தைப் போல எல்லோருக்கும் பழகிய ஒன்றாக இருந்தது. அன்று அவளைத் தடுக்கவும் யாரும் இல்லை. ஒரு கை குறைந்தது உண்மைதான். சொராய்தா தன் வரிசையை முடித்துவிட்டுப் பக்கத்து வரிசையிலும் இறங்கினாள். ஒரு கிழங்கும் பிளக்கவில்லை. நில்டா ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, போதும், முதுகு உடையும் என்றாள். குரலில் கேலி இல்லை. அதற்கு அவள் கேலியே செய்திருக்கலாம்.

வெயில் சரிந்தது. அய்னிக்கு வந்தவர்கள் கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். மேலூரிலிருந்து கூலிக்கு வந்த இரண்டு பேர் போர்வையை விரித்தார்கள்; பாஸ்குவாலா கூடையால் அளந்து கொட்டினாள். நில்டா கழுதையை ஓட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். வயலில் இரண்டு பேர்தான் மிச்சம்.

பாஸ்குவாலா கூடையை நிரப்பிக்கொண்டு அவளிடம் வந்தாள்.

"விரி மகளே."

சொராய்தா போர்வையைத் தோளோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக் குவியலில் போடுங்கள் என்றாள். அங்கேதானே எல்லோரும் தின்கிறோம் என்றாள். பாஸ்குவாலா கூடையைக் கீழே வைத்தாள். இடுப்பைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள்.

"சுரங்கத்துப் பக்கம் எல்மருக்கு ஒரு வீடு இருக்கு. ஒரு பொம்பளை இருக்கா. குழந்தை நடக்குது இப்ப."

"எப்பலேர்ந்து?"

"உன்னைக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடியே. அப்புறம் ஏன் கூட்டிட்டு வந்தான்னு கேக்காதே. நான் பெத்தவதான், ஆனா எனக்குத் தெரியலை."

காற்று நின்றிருந்தது. கிழங்குச் செடியின் காய்ந்த தண்டுகள் வரிசையாகக் கிடந்தன. அழுகை வரும் என்று சொராய்தா காத்திருந்தாள். வரவில்லை. களைப்புதான் வந்தது, காலையிலிருந்து சேர்ந்த களைப்பு, அதற்கு முன்னால் எத்தனையோ நாளாகச் சேர்ந்தது.

"நான் இருக்கேன்," என்றாள். "அவன் இல்லாட்டியும். வேலை செய்வேன். பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அதான் பயமா இருக்கு." பாஸ்குவாலா மண்ணைப் பார்த்துப் பேசினாள். "நில்டா இன்னொரு வீட்டுக்குப் போயிடுவா. எனக்கு இடுப்பு இப்படி. உன்னை வெச்சுக்கிட்டா எனக்குத்தான் லாபம். முதல் நாளே உன் கையைப் பாத்து ஆசைப்பட்டேன். ஒரு வாளி தண்ணி தூக்க விட்டா அடுத்த நாள் நானே கேட்டிருப்பேன். அப்புறம் அவன் வருவான் வருவான்னு சொல்லியே உன்னை வருஷக்கணக்கா வெச்சிருப்பேன். அது நியாயம் இல்லை."

அவ்வளவு நேரம் அந்த வீட்டில் யாரும் அவளோடு பேசியதில்லை. இதுதான் முதல் பேச்சு என்றும், இதோடு முடிந்தது என்றும் சொராய்தாவுக்குத் தெரிந்தது. இவளோடு இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். எல்மரை நினைக்காமல், இந்த மனுஷிக்காக மட்டும், அந்த ஒரு நிமிடம் நெஞ்சு வலித்தது.

போர்வையை மண்ணில் விரித்தாள்.

பாஸ்குவாலா கூடையைக் கவிழ்க்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணைத் தேய்த்துவிட்டு, அடியில் பெரியதும் மேலே சிறியதுமாக அடுக்கினாள். சில விதைக் கிழங்குகள்; அடுத்த விதைப்புக்கு வீட்டுக்கு வேண்டியவை. வேண்டாம் என்று சொல்ல சொராய்தா வாயெடுத்தாள், சொல்லவில்லை. முடிச்சைத் தானே போட்டாள். கனமாக இருந்தது, முதுகில் ஏற்ற இன்னொரு கை வேண்டியிருந்தது. பாஸ்குவாலா பின்னாலிருந்து தூக்கிவிட்டாள். தூக்கிய கை சற்று நேரம் மூட்டையிலேயே இருந்தது, பிறகு விலகியது.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு இறங்கும் லாரி வரும் என்றாள் பாஸ்குவாலா. தெரியும் என்றாள் இவள்.

இறக்கத்தில் ஒருவர் மட்டும் போகிற பாதை. யார் முன்னால் போவது என்று இருவரும் ஒரு கணம் தயங்கினார்கள். பிறகு சொராய்தா முன்னால் நடந்தாள்.