கதவுக்குத் தெரியாத ஆள்

விடியும் முன்பே குளிர் அறைக்குள் உறைந்த மீன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தோம். கையுறை நனைந்தால் விரல் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் தோலும் வரும். அம்மா மூச்சு விட்டபோது வாயிலிருந்து புகை கிளம்பியது. "பாருங்கடி, சுருட்டு இல்லாமலே ஊதறேன்" என்று சிரித்தாள்.

அந்த அறைக்குள் போக அட்டை காட்ட வேண்டும், வெளியே வரவும் காட்ட வேண்டும். கம்பெனி கம்ப்யூட்டரில் பெயர் இருந்தால்தான் கதவு திறக்கும். சரக்கு திருட்டுப் போகிறது என்று சொல்லி, உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியை முதலாளி கழற்றிவிட்டார்.

அக்காவுக்கு மாடியில் வேலை. கம்பெனி சாஃப்ட்வேரில் எதை மாற்றினாலும் முதலில் டெஸ்டில் போட்டுப் பார்ப்பாள். அது அசலைப் போன்ற நகல். அங்கே என்ன தப்பு நடந்தாலும் யாருக்கும் அடிபடாது. சரியாக வந்தபின், சோதனைக்குப் போட்டதையெல்லாம் துடைத்துவிட்டு, மாற்றத்தை மட்டும் நிஜமாக ஓடும் லைவுக்குக் கொண்டுபோவாள். இந்த முறை வந்தது, மெதுவாக வேலை செய்பவர்களைத் தானாகவே வேலையிலிருந்து நீக்கும் விதி. நீக்கிப் பார்க்க யாராவது வேண்டுமே. எங்கள் பெயர்களையே போட்டிருந்தாள். முதலில் அம்மா.

அன்று காலையே விதி வேண்டும் என்று முதலாளி அவள் மேசைக்கு வந்து நின்றாராம்.

"சார், சோதனைப் பேரெல்லாம் உள்ள இருக்கு. துடைச்சிட்டு, இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துட்டு மாத்தறேன்."

"இருக்கறத அப்படியே தூக்கி லைவ்ல போடு."

"சார்..."

"போடறியா, இல்ல உன் சீட்ல வேற ஆளைப் போடட்டுமா?"

போட்டாள்.

கீழே நாங்கள் பெட்டிகளோடு வெளியே வந்திருந்தோம். கதவு மூடிக்கொண்டது. கடைசியாக வர வேண்டிய அம்மா வரவில்லை. கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது. என் அட்டையை வைத்தேன். சிவப்பு. மற்றவர்களும் வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் சிவப்பு. உள்ளே அம்மா தட்டினாள்.

மாடிக்கு ஓடினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் கை கீபோர்டுக்குப் போயிருந்தது.

"பழையபடி திருப்பிடறேன் சார், அம்மா உள்ள மாட்டிக்கிட்டாங்க!"

முதலாளி கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டார். "திருப்பினா பில்லெல்லாம் நின்னுடும். மொதல்ல லாரி கிளம்பட்டும்."

"செத்துடுவாங்க சார்!"

"தினமும் அதுக்குள்ளதானே கிடக்கறாங்க? இன்னைக்கு மட்டும் என்ன புதுசா குளிருது?"

நான் கீழே வந்தபோது தட்டும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

பெட்டி தூக்கும் வண்டியை ஓட்டுகிற அண்ணன், "ஒதுங்குங்க எல்லாரும்" என்று கத்தி, வண்டியின் இரும்புக் கொம்புகளைக் கதவில் ஏற்றினார். கதவு மடங்கி விழுந்தது.

அம்மா தரையில் கிடந்தாள். தட்டித் தட்டிக் கையுறை கிழிந்து, விரல்கள் மெழுகாக வெளுத்திருந்தன. அவற்றை என் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன்.

"யாரு கையைடி பிடிச்சிருக்கே?" என்று கேட்டாள்.

முதலாளி இறங்கி வந்து கதவைத்தான் முதலில் பார்த்தார்.

"இதுக்கு யாரு பதில் சொல்றது?"

"ஆளுக்கு யாரு சார் பதில் சொல்றது?" என்றார் அண்ணன்.

"எந்த ஆளு? கம்ப்யூட்டரைக் கேளு. இந்தப் பொம்பளை நம்ம கம்பெனியிலேயே இல்ல. இந்த வரிசையில ஒருத்தரும் இல்ல. பேரைப் போட்டு நீக்கினதே இவ பொண்ணுதான். வேணும்னா புது ஆளாச் சேருங்க, புது ஆள் கூலிக்கு." பின்னாலேயே ஓடிவந்த அக்காவிடம் திரும்பினார். "போ, அதையும் லைவ்ல ஏத்து."

வரிசையில் இருந்த ஒரு அத்தை அக்காவை மறித்தாள். "பெத்தவ பேருதான் கெடைச்சுதா உனக்கு, பாவி?"

"வேற யாரைத் தெரியும் அத்தை எனக்கு?" என்றாள் அக்கா. முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தாள். "ஏத்த மாட்டேன் சார்."

"நீ இல்லன்னா மாடியில ஆளா இல்ல?"

மாடியில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அக்காவோடு வேலை செய்பவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ஈரத் தரையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் விழித்தார்கள். எங்கள் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

லாரி டிரைவர் சரக்கைப் பாதியில் விட்டுவிட்டு, அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். அக்காவும் கூடவே போனாள். விரல்கள் பிழைக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. முதலாளி போனில் போலீஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சரக்கு வெளியே போகாதபடி நாங்கள் குளிர் அறை வாசலை மறித்து உட்கார்ந்தோம். மாடியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பல் தந்தியடித்தது.

"குளிருதாடி?" என்று கேட்டாள் அத்தை.

"ஆமா அத்தை."

"பின்ன ஏன் தள்ளி உக்காந்திருக்கே? நெருங்கி வா."

நெருங்கி உட்கார்ந்தோம்.