விரியாத நாளங்கள்

கண்ணாடிப் பெட்டியின் மேல் படிந்திருந்த ஈரத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, “ஆம்பளப் புள்ளங்க” என்றாள் கனகவல்லி, புதிதாக வந்து நின்ற எதிர்வீட்டு ஆசிரியையிடம். “காலு வீங்கினப்பவே சொன்னேன், பையன்தான்னு. அப்படியே ஆச்சு.”

அப்படியே ஆச்சாம். பெட்டிக்குள் மருமகள் சுப்ரஜா கிடக்கிறாள். வயிற்றைக் கிழித்து எடுத்தும் அழாமலே போன குழந்தையைக் காலையிலேயே கொண்டுபோய்ப் புதைத்தாகிவிட்டது. ஆனாலும் தன் வாக்கு பலித்த பெருமை கனகவல்லியின் அழுகைக்கு நடுவே எட்டிப் பார்த்தது. பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ஸஹானாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இறந்தவளின் கூடப்பிறந்த தங்கை அவள். அவளும் உண்டாகியிருந்தாள். அது அவள் கணவன் பிரணவுக்கு மட்டும்தான் தெரியும்.

மாசமாக இருப்பவள் சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. தெரிந்தால் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள். அக்காவை அனுப்பிவைக்கும்வரை பக்கத்திலிருந்து நகரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோஜா மாலை வெயிலில் அழுகத் தொடங்கியிருந்தது. அதோடு ஊதுபத்திப் புகை, பந்தலுக்குக் கீழே பேப்பர் கப்பில் ஆறிப்போன காபி, அதை உறிஞ்சிக்கொண்டே பெரும்பாக்கத்தில் ஃபிளாட் என்ன விலை போகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியப்பா. யாரோ ஒரு அத்தை, தலை குனிந்து உட்கார்ந்திருந்த சுப்ரஜாவின் கணவன் ஜெயகிருஷ்ணனைப் பார்த்துவிட்டு, சின்ன வயசு, எத்தனை நாளைக்கு ஒத்தையா இருக்க முடியும் என்று பக்கத்தில் இருந்தவளின் காதைக் கடித்தாள். பொண்டாட்டியை இன்னும் வீட்டை விட்டு எடுக்கக்கூட இல்லை. த்தூ என்றிருந்தது ஸஹானாவுக்கு.

இவர்களையெல்லாம் வெறுப்பது சுலபமாகத்தான் இருந்தது. அம்மாவைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மா ரமா தலைமாட்டில் இருந்தாள். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கதையைச் சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டை மண்டபத்தில் வளைகாப்பு. கை வீங்கியிருந்ததால் வளையல் ஏறவில்லை. சோப்பு நுரை தடவி ஏற்றினார்கள். வந்தவர்களெல்லாம் முகம் பூசினாற்போல் என்ன அழகு என்று வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். பிறந்த வீட்டுக்குக் கூட்டி வந்ததும் தலைவலி. கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். ரமா உப்பும் மிளகாயும் எடுத்துச் சுத்திப் போட்டாள். நெருப்பில் போட்ட மிளகாயிலிருந்து நெடியே கிளம்பவில்லை. அத்தனை கண்ணு பட்டிருக்கிறது என்று மறுபடி சுத்திப் போட்டுவிட்டுப் படுக்கவைத்தாள். விடியற்காலையில் வலிப்பு வந்தது.

“எந்தப் பாவியோட கண்ணோ” என்று அம்மா முடிக்கும்போதெல்லாம் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். மண்டபத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் மட்டும் கொஞ்சம் நெளிந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு, சுப்ரஜாவைப் பார்த்த டாக்டரம்மா ஸஹானாவைத்தான் உட்காரவைத்துப் பேசினாள். ஜெயகிருஷ்ணன் பேச்சு கேட்கும் நிலையில் இல்லை. கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுபோகிற நாளங்கள் சாதாரணமாக ஒல்லியாக, சுருண்டு இருக்கும். கரு தங்கிய முதல் சில மாதங்களில் நஞ்சுக்கொடியின் செல்கள் அந்த நாளங்களுக்குள் புகுந்து, இறுக்கிப் பிடிக்கிற சுவரைத் தளர்த்தி அகலமாக்கும். ஒற்றையடிப் பாதையை ஜிஎஸ்டி ரோடாக மாற்றுகிற மாதிரி என்றாள். அப்போதுதான் குழந்தைக்கு வேண்டிய ரத்தம் தாராளமாகப் போகும். சிலருக்கு ஏனோ அந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. நாளம் விரியாமல் குறுகியே கிடக்கும். நஞ்சுக்கொடி பட்டினி கிடந்து, அதிலிருந்து ஏதேதோ தாயின் ரத்தத்தில் கலந்து, பிரஷர் எகிறி, கடைசியில் மூளைவரை போய்விடும். யார் மேலும் தப்பில்லை. ஆனால் வீக்கமும் தலைவலியும் கண் மின்னுவதும் அது கொடுக்கிற எச்சரிக்கை. அன்றைக்கே வந்திருந்தால் பார்த்திருக்கலாம்.

எழுந்திருக்கும்போது டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “நீங்க கூடப்பிறந்தவங்க. உங்களுக்கும் வர சான்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி. கன்சீவ் ஆனா உடனே சொல்லிடுங்க. ஆரம்பத்துலயே ஒரு மாத்திரை தொடங்கினா நல்லது. தள்ளிப் போடாதீங்க.”

ஸஹானா தலையாட்டிவிட்டு வந்தாள். அக்கா உள்ளே துணி சுற்றிக் கிடக்கும்போது, நான் மாசமாக இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மத்தியானம் வண்டி வந்தது. ஆண்கள் ஏறிக்கொண்டார்கள். பிரணவும் போனான். வண்டி தெருமுனை திரும்பியதும் பெண்கள் சட்டென்று வேலையில் இறங்கினார்கள். யாரோ பினாயிலைக் கொட்டி, ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கூடத்தைக் கழுவினார்கள். நசுங்கிய பூவும் பினாயிலும் கலந்த தண்ணீர் ஸஹானாவின் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. அவ்வளவுதான். பின்கட்டுக்கு ஓடிப்போய்த் துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

நிமிர்ந்தபோது அம்மா நின்றுகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டுவிட்டாள்.

“எத்தனை மாசம்?”

“ரெண்டு முடியப் போகுதும்மா.”

அழுது வீங்கிய அந்தக் கண்களில் ஒரு கணம் என்னவோ பளிச்சிட்டது, உடனே பயம் வந்து அதை அணைத்தது. அம்மா உள்ளே போனாள். வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. ஆனாலும் கனகவல்லியின் சமையலறை அலமாரியைக் குடைகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கை மூடியிருந்தது. விரலிடுக்கில் ஒரு காய்ந்த மிளகாயின் காம்பு தெரிந்தது.

“அசையாம நில்லு. சுத்திட்டு, பக்கத்து வீட்டு அடுப்புல போட்டுடறேன். யார்கிட்டயும் மூச்சு விடாத.”

ஸஹானாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மிளகாயைப் பார்த்து, அந்தக் கையைப் பார்த்து, அக்காவை ஒரு ராத்திரி முழுக்கப் படுக்கவைத்த அந்த நம்பிக்கையைப் பார்த்து அருவருப்பு பொங்கியது. தன் அம்மாவைப் பார்த்தே இப்படித் தோன்றுகிறதே என்று அதற்கும் சேர்த்து அருவருப்பாக இருந்தது. அக்காவுக்கும் இதைத்தானே செஞ்ச என்கிற வார்த்தை நுனிநாக்குவரை வந்தது. அதைச் சொன்னால் அம்மா அந்தக் கல்மேலேயே விழுந்துவிடுவாள், அப்புறம் எழுந்திருக்க மாட்டாள். விழுங்கிக்கொண்டாள். தலையைச் சுற்றி வந்த கையை மணிக்கட்டில் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

“நான் டாக்டர்கிட்ட போறேம்மா.”

“இப்பவா? காரியம் முடியட்டும்டி. குளிக்காமகூட எங்கடி போற?”

“இப்பவேதான்.”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஸஹானா நிற்கவில்லை. வாசல் வழியாகப் போனபோது கனகவல்லி, துக்க வீட்டிலிருந்து தலை முழுகாமல் போகிறாளே என்று மற்றவர்களிடம் முறையிட்டது காதில் விழுந்தது. மெயின் ரோட்டுக்கு வந்து ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா இன்னும் வரவில்லை. அதற்குள் பிரஷர் பார்த்துவிடலாம் என்று ஒரு நர்ஸ் அவளை ஸ்டூலில் உட்காரவைத்தாள். கலைந்த தலையையும் கசங்கிய புடவையையும் ஒருதரம் பார்த்தாள். கையில் பட்டையைச் சுற்றினாள்.

“வீட்டுல யாருக்காவது மாசமா இருக்கும்போது பிரஷர் வந்திருக்கா?”

“அக்காவுக்கு.”

“இப்ப நல்லா இருக்காங்களா?”

ஸஹானா வாயைத் திறந்தாள். அதற்குள் நர்ஸ் பொத்தானை அழுத்திவிட்டிருந்தாள்.

“ஒரு நிமிஷம், பேசாதீங்க. பேசினா தப்பாக் காட்டும்.”

மெஷின் உறுமத் தொடங்கியது. பட்டை புஸுபுஸுவென்று உப்பிக் கையை இறுக்கிக்கொண்டே போனது. ஸஹானா வாயை மூடிக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.