இரண்டு மீட்டரில் இருந்தவன்

பனிச்சரிவு மீட்புப் பயிற்சியில் புதைந்தவரிடமிருந்து சிக்னல் அனுப்பி, தேடுபவருக்குத் தூரம் காட்டும் கருவிகளில் என்னுடையதையும் எங்கள் நண்பன் ஃப்ளூரினுடையதையும் பைகளில் போட்டுப் பனியில் புதைத்தார்கள். என் மனைவி உர்சினா அவனுடையதைத்தான் முதலில் தோண்டினாள்.

"ஏன் அவனை முதல்ல?"

"கிட்ட இருக்கிறவங்களைத்தானே முதல்ல எடுக்கணும்? இதுல மீட்டர்தான் தெரியும், பேரா தெரியும்?"

நியாயம்தான். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்து என் முறை. இப்போது புதைந்திருந்தவை அவர்கள் இருவரின் கருவிகள். ஃப்ளூரின் தன் பையைப் புதைத்த இடத்தை ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருந்தேன். அதன் அருகே வந்ததும் என் கருவி இரண்டு மீட்டர் என்று காட்டியது. அதைத் தாண்டி நடந்துபோய் உர்சினாவின் பையைத் தோண்டினேன்.

ஃப்ளூரின் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தான். "இருபது நிமிஷம். நான் செத்தே போயிட்டேன்பா."

உர்சினா சிரிக்கவில்லை.

"கிட்ட இருந்தது யாருன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"