இரண்டாம் தட்டு

தி.நகர் ரிகர்சல் ஹாலில் மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அதற்குள் வஜீஹாவுக்கு எங்கேயாவது விழுந்து கிடந்தால் போதும் என்றிருந்தது. மே மாதம். விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் லாரி வந்து, மூன்றாம் மாடிக்குப் பத்துக் குடம் சுமந்தவளுக்கு ஆட்டம் ஒரு கேடா?

ஆனால் இன்றைக்கு ஆடித்தான் ஆகவேண்டும். பதினாறு குரூப் டான்ஸர்களில் நாலு பேரைச் சாயங்காலத்துக்குள் கழித்துவிடச் சொல்லியிருந்தது படக் கம்பெனி. வஜீஹாவுக்கு வயது நாற்பத்தொன்று; இருப்பவர்களில் அவள்தான் மூத்தவள். ஒரு மாஸ்டர் கழித்த ஆளை இன்னொரு மாஸ்டர் சீந்த மாட்டார்.

மாஸ்டர் பரத்வாஜ் மயிலாப்பூர்ப் பையன். பம்பாயில் நாலு வருஷம் மேல்நாட்டு ஆட்டம் பழகி வந்தவன். இப்போது ஒரு ராக் அண்ட் ரோல் பாட்டு கிடைத்திருக்கிறது. நாளைக்கே பாலவாக்கம் கடற்கரையில் ஷூட்டிங்.

டேப்பை நிறுத்தினான். "எல்லாரும் ஒண்ணுல குதிக்கறேள். இது ஆதி தாளம் இல்லே. இதுல நாலு வரை எண்ணினா, அடி ரெண்டுலயும் நாலுலயும் விழணும்."

"அப்போ ஒண்ணுல இன்னா பண்றது மாஸ்டர்?" என்று கேட்டான் வஜீஹாவின் ஜோடி அம்மாசி.

"சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கிறதுக்கா பம்பாய் போய்க் கத்துக்கினு வந்தே?"

ஹாலே சிரித்தது. பரத்வாஜும் சிரித்துவிட்டான்.

"கேளுங்கோ. அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க பருத்திக் காட்டுல பாடினது, சர்ச்சுல கை தட்டினது, வாரம் பூரா உழைச்சுட்டு சனிக்கிழமை சாராயக் கடையில ஆடினது, எல்லாம் சேர்ந்துதான் இது வந்தது. அப்புறம்தான் வெள்ளைக்காரப் பசங்க எடுத்துண்டா. ராக்னா முன்னும் பின்னும், ரோல்னா பக்கவாட்டுல. கப்பல் ஆடற மாதிரி. பின்னாடி பாட்டுல அதுக்கு வேற அர்த்தமும் வந்துடுத்து..." வஜீஹாவைப் பார்த்து இழுத்தான்.

"கட்டில் சமாச்சாரந்தானே? எனுக்குக் கல்யாண வயசுல பொண்ணு கீறா மாஸ்டர். சொல்லு, பரவாயில்ல," என்றாள் அவள்.

மறுபடி டேப் ஓடியது. "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்!" பதினாறு ஜோடிக் கால்களும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றில் இறங்கின. நாலு தடவையும் அப்படியே. ஐந்தாம் தடவை அசதியில் வஜீஹாவின் கால் எழும்பவே இல்லை. ஒன்று கடந்து போய்விட்டது. இடுப்பு தானாகச் சரிந்து, உடம்பின் பாரமெல்லாம் இரண்டில் குதிகாலுக்கு இறங்கியது. மறுபடி நாலில். தொலைந்தோம், தாளம் தப்பிவிட்டது என்று நினைத்தாள்.

"நிறுத்து! அக்கா, முன்னாடி வாங்கோ."

கழிக்கத்தான் கூப்பிடுகிறான் என்று துப்பட்டாவை எடுத்துக்கொண்டாள்.

"அதைக் கீழே வைங்கோ. இதேதான் வேணும்! எல்லாரும் அக்காவைப் பாருங்கோ."

பரத்வாஜ் நல்ல பையன். அவளை ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். அரைமணி ஓய்வுக்குப் பிறகு வஜீஹா எழுந்து ஆடினாள். கால் அழகாக ஒன்றில் குதித்தது. இன்னொரு முறையும் ஒன்றில்தான். மாஸ்டரின் முகம் சுருங்கியது.

"இன்னாக்கா ஆச்சு?" என்று கிசுகிசுத்தான் அம்மாசி.

"உக்கார வச்சு கெடுத்துட்டான்யா."

மாஸ்டரிடம் போய், "இனிமே டீயும் வேணாம், சேரும் வேணாம். என்னை உடாம ஆட உடு," என்றாள்.

ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஆடினாள். பிடரி வலித்தது. கண் இருட்டியது. அதற்கப்புறம்தான் அந்த இரண்டு திரும்பி வந்தது. சாயங்காலம் கழித்தவர்கள் என்று வாசித்த நாலு பெயர்களில் அவள் பெயர் இல்லை.

"நாளைக்கு நீங்கதான் முன்வரிசை, அக்கா. காத்தால வேன் வரும். நன்னாத் தூங்கி எழுந்து ஃபிரஷ்ஷா வாங்கோ," என்றான் பரத்வாஜ்.

தூங்கவே கூடாது என்று நினைத்தபடி அவள் வீட்டுக்குப் போனாள். அன்றிரவு அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை திருவான்மியூர் பஸ் நிலையம் அருகே வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

அம்மாசி தலையை வெளியே நீட்டினான். "எங்கேக்கா? பாலவாக்கம் இன்னும் எம்மாந்தூரம் கீது!"

"நீ போ நைனா. நான் நடந்தே வர்றேன்."

வேன் போய்விட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயில் அப்போதே சுள்ளென்று ஏறியிருந்தது. ஒரு கிலோமீட்டர் தாண்டியும் மூச்சு வாங்கவில்லை. கவலையாக இருந்தது. வஜீஹா நடையை எட்டிப் போட்டாள்.