ஐந்து-ஒன்பது, அருமையாகக் கேட்கிறது

1

இந்தக் கதைக்கு விதை போட்டவர் என் மைத்துனர். போட்டது அவருக்கே தெரியாது.

போன கதை அச்சில் வந்ததும் ஒரு பிரதியை அவரிடம் கொடுத்திருந்தேன். படித்துவிட்டு ஃபோன் செய்தார். "மாமா, பிரமாதம். ஒரே மூச்சுல படிச்சேன்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்தது: "அந்தப் பொண்ணுக்குக் கடைசில என்ன ஆச்சு?"

அந்தக் கதையில் பெண்ணே கிடையாது. இரண்டு ஆண்களும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான்.

கையும் களவுமாகப் பிடிபட்ட மைத்துனர் கொஞ்சம்கூடக் கூச்சப்படவில்லை. அவர் வீட்டிலேயே ரேடியோ கட்டி ஊர் உலகத்தோடு பேசுகிற ரகம். "கோவிச்சுக்காதீங்க மாமா, அது எங்க பழக்கம். எதிராளி எப்படிக் கேக்குதுன்னு கேட்டா ரெண்டு எண் சொல்லணும். தெளிவுக்கு அஞ்சுக்கு எத்தனை, பலத்துக்கு ஒம்பதுக்கு எத்தனை. எப்படிக் கேட்டாலும் நாங்க அஞ்சு-ஒம்பதுன்னுதான் சொல்லுவோம். சொல்லிட்டு, உங்க பேரை இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேப்போம்."

அன்று ஃபோனை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தவன்தான்.

2

தொடக்கங்கள் வரிசையாகக் காலை வாரின.

"மலைச்சரிவில் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. தொலைவில் அவர்—" வேண்டாம். மூடுபனி இறங்கிய எந்தக் கதையும் என் கையில் தேறியதில்லை.

"சால்டரிங் இரும்பின் நுனியிலிருந்து எழுந்த புகை, அவளுடைய நிறைவேறாத—" அடச்சே.

மூன்றாவதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்:

"இதுல தெளிவா இருக்கா, இல்ல இதுல தெளிவா இருக்கா?"

மூக்குக்கண்ணாடிக் கடையின் உள்ளறையில் அவள் நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி இது. வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண் முன்னால் ஒரு வில்லையைத் திருப்புவாள், பிறகு இன்னொன்றை. கடையில் எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா. டாக்டர் இல்லை என்று திருத்தித் திருத்தி அவளே ஓய்ந்துவிட்டாள்.

அவள் வேலைக்கு எதிரி மங்கலான கண் அல்ல, மரியாதை. போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். "ரெண்டுமே நல்லாருக்கும்மா" என்றார். மூன்றாவதும் நல்லாருக்கு, நான்காவதும் நல்லாருக்கு. எழுந்து போகும்போது கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டார்.*

* பெரியவருக்கு அடி ஒன்றும் படவில்லை. கதவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

3

டாக்டரம்மாவின் கணவருக்கு மலையுச்சியில் வேலை. வானிலை நிலையத்தில் காற்றையும் மழையையும் அளப்பார். அங்கே பொழுது போகாமல் ரேடியோ உரிமம் வாங்கினார். அவளும் பரீட்சை எழுதி ஓர் உரிமம் வாங்கினாள்.

ஃபோன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஃபோனில் அவர் "சரி சரி, அப்புறம்?" என்று நடுவில் வெட்டுகிற மனிதர். ரேடியோவில் அது நடக்காது. ஒருவர் பட்டனை அழுத்திப் பேசும்போது மற்றவர் கேட்டே ஆக வேண்டும். பேச்சை முடித்து, ஓவர் சொல்லி, பட்டனை விட்டால்தான் அடுத்தவர் முறை. கல்யாணமான நாளிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்த வசதி.

உதிரி பாகங்களாகப் பெட்டியில் வந்த ரேடியோவைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி அவளே கோத்தாள். பேசியது, கேட்டது, எல்லாம் சரி. ஆனால் ஐந்து வாட் அனுப்ப வேண்டிய ரேடியோ ஒன்றே ஒன்றுதான் அனுப்புகிறது என்று மீட்டர் சொன்னது.

"எப்படிங்க கேக்குது? ஓவர்."

"அஞ்சு-ஒம்பது. அருமையா கேக்குது. ஓவர்."

கணவர் பொய் சொல்வாரா? மீட்டர்தான் கோளாறு என்று முடிவுகட்டி வேறொரு மீட்டர் இரவல் வாங்கினாள். அதுவும் ஒன்றுதான் காட்டியது. இதற்கிடையில், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, யாரைக் கூப்பிட என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்கு, "ஆமாமா, இங்கயும் நல்ல குளிர்தான்" என்று பதில் வந்தது.

குழாயோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். விஷயம் பெரிது. அவருடைய மலைவாசம் இந்த மாதத்தோடு முடிகிறது. விரும்பினால் இன்னும் மூன்று வருஷம் நீட்டிக்கொள்ளலாம். திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவரைக் கேட்டால் "உனக்கு எது சரின்னு படுதோ அது" என்பார். அவளைக் கேட்டால் "உங்க இஷ்டம்" என்பாள். வருவதா இருப்பதா என்ற முடிவை ஒருவர் தலையில் ஒருவர் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டார்கள்.

4

இந்த இடத்தில் எனக்கு அந்த மனிதர் மேல் எரிச்சல் வந்தது. எழுதுகிற கை நம்முடையது, கொஞ்சம் மோசமானவராக ஆக்கிவிட்டால் என்ன? மலையில் இன்னொரு பெண்ணையே கொண்டுவந்து பார்த்தேன். [மழைமானிக்கு அருகில் நின்று அவள் ஈரக் கூந்தலை—] அடித்துவிட்டேன். விட்டுவைத்திருந்தால் என் மைத்துனர் விசாரிப்பதற்கு இன்னொரு பெண்ணும் கிடைத்திருப்பாள்.

இல்லை, அவர் நல்லவர். நல்லவர் என்பதுதான் இடைஞ்சல். உப்பில்லாமல் சமைத்தாலும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுகிறவர். அவள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து கண் கலங்கி நின்ற அன்று, "உனக்கு இதான் எடுப்பா இருக்கு" என்றவர். இப்படிப்பட்டவரிடம் உண்மையை எப்படிக் கறப்பது?

எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

5

டம்மி லோடு என்று ஒரு சின்ன டப்பா உண்டு. ரேடியோவைச் சோதிக்கும்போது ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு இதை மாட்டுவார்கள். ரேடியோ அனுப்புகிறதை எல்லாம் அது சூடாக்கித் தின்றுவிடும். வெளியே ஒன்றும் போகாது. அடுத்த தெருவிலேயே கேட்காது எனும்போது மலைக்கு எங்கே கேட்கப்போகிறது.

ஞாயிறு காலை, வழக்கமான நேரம். ஆன்டெனாவோடு பேச்சைத் தொடங்கினாள். வணக்கம், குளிர், ஜலதோஷம் எல்லாம் முடிந்து தன் முறை வந்ததும் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு டப்பாவை மாட்டினாள். பட்டனை அழுத்தினாள். சும்மா எண்களை எண்ணலாம் என்றுதான் இருந்தாள். யாரும் கேட்கப்போவதில்லை என்ற தைரியம் வாயைப் பிடுங்கிவிட்டது.

"நீங்க வந்துடுங்க. உங்க இஷ்டம்னு சொன்னது பொய். ஒருத்திக்காக சமைக்கப் பிடிக்கலை. நின்னுக்கிட்டேதான் சாப்பிடறேன், தெரியுமா? நாள்பூரா அடுத்தவங்க கண்ணைப் பாத்துட்டு வீட்டுக்கு வந்தா, பாக்க ஒரு முகம் இல்லை. எப்படிக் கேக்குது? ஓவர்."

பட்டனை விட்டு ஆன்டெனாவை மாட்டினாள். இரைச்சல். பிறகு அவர் குரல், அதே கனிவோடு:

"அஞ்சு-ஒம்பது. அருமையா கேக்குது. நீ சொல்றதெல்லாம் சரிதான். ஓவர்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. காற்றில் போகாத பேச்சுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறார் மனிதர். டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடாக இருந்தது.

[இவ்வளவு நேரம் அவள் பக்கம் நியாயம் என்று எழுதிக்கொண்டு வந்தேன். அந்தச் சூட்டைத் தொட்டபோது அவளுக்கே உறைத்துவிட்டது. "உங்க இஷ்டம்" என்று இத்தனை நாள் சொன்னாளே, அது மட்டும் என்ன? அதுவும் ஓர் ஐந்து-ஒன்பதுதான்.]

"சாயங்காலம் பேசறேங்க" என்று மட்டும் சொல்லி அணைத்தாள்.

6

பகல் முழுக்க ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்தாள். எல்லாமே அழகு. உருண்டு திரண்டு பளபளவென்று இருந்தன. அழகை நம்புகிற மனநிலையில் அவள் இல்லை. இணைப்பைச் சோதிக்கிற இன்னொரு மீட்டரின் இரண்டு முனைகளால் ஒவ்வொன்றையும் தொட்டாள். இணைப்பு நன்றாக இருந்தால் மீட்டர் கத்தும்.

ஒரு செம்புக் கம்பிச் சுருளின் முனையில் மட்டும் கத்தவில்லை. அழுத்தினால் கத்தியது, விட்டால் வாயை மூடிக்கொண்டது. அந்தக் கம்பிக்கு மேலே மெல்லிய வார்னிஷ் பூச்சு உண்டு. முனையில் அதைச் சுரண்டிவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும். அவள் அரைகுறையாகச் சுரண்டியிருக்கிறாள். ஈயம் பூச்சின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, செம்பைப் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டு.

[மேலே பளபளப்பு, உள்ளே ஒட்டாமை என்று தாம்பத்தியத்தைப் பற்றி இங்கே ஒரு பத்தி வைத்திருந்தேன். உங்களுக்கே புரியும் என்று எடுத்துவிட்டேன். எடுத்ததைச் சொல்லாமல் இருக்கத்தான் முடியவில்லை.]

பிளேடால் செம்பு தெரியும்வரை சுரண்டி மறுபடியும் பற்றவைத்தாள். வாட் காட்டும் மீட்டரின் முள் எழுந்து ஐந்தில் போய் நின்றது.

7

சாயங்காலம்.

"ஏங்க, காலைல ஒரு தடவை ரொம்ப நேரம் பேசினேனே, அப்ப நான் ஆன்டெனாவையே மாட்டலை. டம்மி லோடுல பேசினேன். அஞ்சு-ஒம்பதுன்னீங்க. இப்ப மாட்டியிருக்கேன். எப்படிக் கேக்குதுன்னு நிஜமா சொல்லுங்க. ஓவர்."

இரைச்சல். அவர் அசடு வழிவது அத்தனை தூரத்திலிருந்தும் அவளுக்குத் தெரிந்தது.

"மூணு... மூணு-நாலு. இரைச்சல் ஜாஸ்தி. சில வார்த்தை முழுங்குது. ஆனா நீதான்னு தெரியுது. ஓவர்."

மூன்று-நான்கு. வாழ்க்கையில் எந்தப் பாராட்டும் அவளுக்கு இவ்வளவு இனித்ததில்லை.

"அப்ப இத்தனை நாளா? ஓவர்."

"இத்தனை நாளா ஒண்ணு-ஒண்ணுன்னு வெச்சுக்கோ. நீ பேசறியா மழை பேசுதான்னே பாதி நேரம் தெரியாது. ஓவர்."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க? ஓவர்."



"ஒண்ணுன்னு சொன்னா நீ விட்டுடுவியோன்னு பயம். ஓவர்."

 அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு பட்டனை அழுத்தினாள். காலையில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். வந்துடுங்க என்றாள். நின்றுகொண்டு சாப்பிடுவதைச் சொன்னாள், பார்க்க முகமில்லாததைச் சொன்னாள். கடைசியாக, கடையில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"ஒண்ணு, அங்கயே இருக்கறது. ரெண்டு, வந்துடறது. எதுல உங்களுக்குத் தெளிவா இருக்கு? ரெண்டும் நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. ஓவர்."

பட்டனை விட்டாள்.

8

இதற்குமேல் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் "வந்துடறேன்" என்றார். எழுதும்போதே கை இனித்தது, மைத்துனர் துள்ளிக் குதிப்பார். இரண்டாவதில், மலையைத் தனக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது, மேகம் கீழே இருப்பதைப் பார்த்துப் பழகிவிட்டது என்று மென்று விழுங்கிச் சொன்னார். அதிலும் அவர் பொய் பேசவில்லை, அவளும் ரேடியோவை அணைக்கவில்லை. மூன்றாவதில் இடி இடித்து இணைப்பு அறுந்தது. அது என் கோழைத்தனம், கிழித்துப் போட்டேன்.

எனக்குப் பிடித்தது முதலாவதுதான், ஒளிப்பானேன். ஆனால் அதை எழுதிக் கையில் கொடுத்தால், உங்கள் முகம் வாடக் கூடாதென்று நான் போடுகிற ஐந்து-ஒன்பதாகிவிடும். எனக்கு நிச்சயமாகக் கேட்டது இவ்வளவுதான்: நீண்ட இரைச்சல், அதற்குள் ஒரு மூச்சு, பிறகு அவர் குரல்.

"நிஜத்தைச் சொல்றேன், கேட்டுக்கோ" என்றார்.

டாக்டரம்மா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். அவர் சொன்னது உங்களுக்கு எப்படிக் கேட்டதோ, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். என்னை எங்கேயாவது பார்த்தால் கதை பிரமாதம் என்று சொல்லிவிடாதீர்கள். மூன்று-நான்கு என்றால் மூன்று-நான்கு என்றே சொல்லுங்கள். ஒன்று-ஒன்று என்றாலும் பரவாயில்லை, நான் விட்டுவிட மாட்டேன்.

எப்படிக் கேட்கிறது? ஓவர்.