வெளிச்சத்துக்காக வெட்டிய கிளைகள்

வீட்டில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணங்களில் படம் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக ஒரு கம்பெனி வேலை கிடைத்திருந்தது. கர்ட்டன் தயாரிக்கும் அம்மாள் ஒருவர், தன் புதுத் துணிகளைப் படமெடுத்துத் தரச் சொன்னார். நிஜமான வீட்டு ஜன்னலில் தொங்கவிட்டு எடுக்கலாம் என்றது சின்னவள்தான்.

அந்த ஜன்னலுக்காகச் சின்னவள் நாயாய் அலைந்தாள். ஒரு வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். இன்னொன்றில் கம்பியெல்லாம் துரு. கடைசியில் அக்கா வீட்டு முன்னறைதான் கண்ணில் பட்டது. வெளியே நின்ற மரத்தின் இலைகளுக்கு நடுவே காலை வெயில் நுழைந்து வரும். நிழல் அசையும்போது மெல்லிய துணி மூச்சுவிடுவதுபோல் தெரிந்தது. சோதனைக்கு எடுத்த படத்தைப் பார்த்ததுமே முதலாளியம்மா சரி சொல்லிவிட்டார்.

படமெடுக்கும் நாளன்று துணிமூட்டை, விளக்குகள், இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றோடும் போய் இறங்கினாள். அத்தான் வாசலிலேயே காத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"உள்ள வந்து பாரு. அசந்துடுவ."

உள்ளே போனவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெயில் நேராக அடித்து அறை கண்ணைக் கூசவைத்தது. ஜன்னலுக்கு வெளியே மரம் மொட்டையாக நின்றது.

"போட்டோவுக்கு வெளிச்சம்தானே முக்கியம்? அதான் நேத்தே ஆள் வச்சு கிளையெல்லாம் வெட்டிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அத்தான்."

"உனக்கு எதுக்கு வீண் தொந்தரவுன்னு..."

"அந்த மரத்துக்காகத்தான் இந்த ரூமையே எடுத்தேன்."

அவர் முகம் சுண்டிப்போனது. சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "அவகிட்ட கேளுங்கன்னு நான் அப்பவே சொன்னேன். என் பேச்சு இந்த வீட்ல என்னைக்கு எடுபட்டுது?"

நல்லது செய்ய நினைத்தவரை எப்படித் திட்டுவது? திட்டாமலும் இருக்க முடியவில்லை. சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலில் கொசுவலை கட்டிப் பார்த்தாள். வெளிச்சம் மங்கியதே தவிர உயிர் வரவில்லை. அட்டையில் இலை வெட்டி விளக்கின் முன் பிடித்தாள். பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருந்தது.

வெட்டிய கிளைகள் கொல்லையில் குவிந்து கிடந்தன. அதில் வாடாத ஒன்றை இழுத்து வந்தாள்.

"ஏணி இருக்கா, அத்தான்?"

முதலாளியம்மா வந்தபோது அத்தான் ஜன்னலுக்கு வெளியே ஏணிமேல் கிளையோடு நின்றிருந்தார்.

"யாரும்மா அது, உங்க ஆளா?"

"அக்கா வீட்டுக்காரர்."

சின்னவள் கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

"கொஞ்சம் இடது பக்கம். உங்க இடது, அத்தான்."

"கை கடுக்குதுமா."

"எனக்கு மட்டும் இனிக்குதா?"

ஒவ்வொரு துணியாக மாட்டும்போதும் மடிப்புக் கோடு தெரிந்தது. கழற்றி, தேய்த்து, மறுபடி மாட்டுவதற்குள் மேகம் வந்து மூடியது. மேகம் விலகுவதற்குள் இலைகள் சுருண்டுவிட்டன. பாதித் துணிகள் மூட்டையிலேயே இருந்தன. வெயிலும் உச்சிக்கு ஏறிவிட்டது.

"எடுத்த வரைக்கும் அழகா இருக்கு," என்றார் முதலாளியம்மா. "மீதிய என் கடையிலயே எடுத்துடுங்க. இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போட முடியாது."

டியூப்லைட் எரியும் அந்தக் கடையே வேண்டாம் என்று வாதாடித்தான் அவள் வீடு தேடியதே. இப்போது எந்த வாயால் மறுப்பது?

"சரிங்கம்மா."

அத்தான் இறங்கி வந்தார். கையெல்லாம் சிராய்ப்பு. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்ன அக்காவிடம் பசியில்லை என்றாள். மூட்டையை அவரே தூக்கி வந்து வண்டியில் வைத்தார்.

"நான் வேணும்னு செய்யலம்மா."

"தெரியும் அத்தான். அதனாலதான் இவ்வளவு எரிச்சல்."

புரிந்ததோ இல்லையோ, அவர் தலையாட்டினார். அவள் வண்டியைக் கடைப் பக்கம் திருப்பினாள்.