மூன்றில் எது பொய்?

திருந்திய நெல் சாகுபடிக்கு ஒரு நாள் பயிற்சி என்று எங்கள் ஊர் சமுதாயக்கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். முப்பது பேர் வந்திருந்தோம், அத்தனை பேரும் ஒரே ஊர். யார் வீட்டு ஆடு யார் கொல்லையில் மேயும் என்பது வரைக்கும் தெரியும். சென்னையிலிருந்து வந்த பயிற்சிக்காரப் பெண்ணோ, "முதல்ல ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்குவோம், கூச்சம் போகணும்" என்றாள். எங்களுக்கு என்ன கூச்சம்? பயம்தான் இருந்தது.

அவள் சொன்ன விளையாட்டு இதுதான். எழுந்து நின்று தன்னைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு உண்மை, ஒன்று பொய். எது பொய் என்று மற்றவர்கள் கை தூக்கிக் காட்ட வேண்டும்.

முன்வரிசையில் வேளாண்மை அதிகாரிக்குப் பக்கத்தில் இளையபெருமாள் உட்கார்ந்திருந்தார். ஆட்சி மாறும்போதெல்லாம் அவர் வேட்டியின் கரையும் மாறும். நிலம் மட்டும் கை மாறாது. அவருடைய ஒன்றரை ஏக்கரை நானும் என் வீட்டுக்காரர் காத்தானும் பத்தொன்பது வருஷமாகக் குத்தகைக்குச் செய்தோம். அளந்த நெல்லுக்கு ஒரு நாளும் ரசீது கொடுத்தவரில்லை. தை மாதம் காத்தான் செத்ததும், "அது என் சொந்தப் பண்ணை, ஒன்ன யாரு எறங்கச் சொன்னது?" என்றார். குத்தகைப் பதிவில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டேன். திங்கட்கிழமை தாசில்தார் விசாரணை. எழுத்து ஒன்றும் இல்லாத எனக்கு ஊர்ச் சாட்சிதான் கதி. பக்கத்து வீட்டு ரெங்கம்மாளும் இன்னும் மூன்று பேரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

என் முறை வந்தது. அதிகாரி காதிலும் விழட்டும் என்று வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"எம் பேரு செவ்வந்தி. ஒண்ணு, எனக்கு நல்லா நீச்சல் தெரியும். ரெண்டு, நான் மீனே சாப்புட மாட்டேன். மூணு, இளையபெருமாள் ஐயா நெலத்தப் பத்தொம்பது வருசமா நாங்கதான் குத்தகைக்குச் செய்யுறோம்."

நான் மீன் தின்பது ஊருக்கே தெரியும். போன ஞாயிற்றுக்கிழமைகூட என் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கெண்டைக் குழம்பு வாங்கிப் போனாள் ரெங்கம்மாள்.

"முதலாவது பொய்யா?" என்று பயிற்சிக்காரப் பெண் கேட்டாள். ஒரு கையும் எழவில்லை.

"ரெண்டாவது?" ரெங்கம்மாளின் கை தோள்வரை எழுந்தது. இளையபெருமாள் திரும்பிப் பார்த்தார். அவள் பிடரியைச் சொறிந்துகொண்டு இறக்கிவிட்டாள்.

"மூணாவது?"

இளையபெருமாள் சிரித்துக்கொண்டே கை தூக்கினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொன்றாக எழுந்தன. என்னோடு நாற்றுப் பறித்த கைகள், காத்தானுக்குப் பாடை கட்டிய கைகள். ரெங்கம்மாளும் தலையைக் குனிந்தபடி தூக்கினாள்.

"சொல்லுங்கக்கா, மூணாவதுதானே பொய்?"

"இல்லம்மா. அது சத்தியம். மீன்தான் பொய்யி."

"அடேயப்பா! ஊரையே ஏமாத்திட்டீங்களே! அக்காதான் ஜெயிச்சாங்க, எல்லாரும் கை தட்டுங்க!"

முதலில் தட்டியவர் இளையபெருமாள். அவர் நிறுத்தும்வரை ரெங்கம்மாளும் தட்டினாள்.